வாசித்தவர் கையொப்பம்

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர்கள் கையில் கிடைத்த காகிதத்தை முழுதாகப் படிப்பார்கள். அது தொழில் கொடுத்த பழக்கம். எந்த ஒயர் எங்கே போகிறது என்று பாதி படித்துவிட்டு மீதியை ஊகித்தவர்கள் யாரும் அந்தத் தொழிலில் ஓய்வு பெறும் வயதுவரை இருந்ததில்லை. நம் லிஃப்ட்காரர் அந்தத் தொழிலில் இருபத்தெட்டு வருடமாக உயிரோடு இருப்பதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். அவர் வீடு நாசமாய்ப் போனதற்கும் இதேதான் காரணம்.

அவருடைய மனைவி கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை பார்த்தாள். வயலின் வாசிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். கையில் வயலின் பெட்டி. கத்திப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், பிறகு சீ போ என்று பெட்டியைத் திறந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். ரிப்பேர் செய்ய வந்தவர் மேலே மோட்டார் அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டார். இருபது நிமிட வேலையை ஒன்றரை மணி நேரம் இழுத்தார். கடைசியில் கதவு திறந்தபோது லிஃப்டின் மணி ‘டிங் டாங்’ என்றது. அவள் அந்த இரண்டு ஒலியையும் வயலினில் அப்படியே திருப்பி வாசித்துவிட்டு வெளியே வந்தாள். உள்ளே வாசித்ததும் இந்த டிங் டாங் முடிவும் சேர்ந்துதான் அவள் சொந்தமாகக் கட்டிய ஒரே மெட்டு. ‘மூன்றரை மாடி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நான்கு நிமிடம் பதினொரு வினாடி.

போன வருடம் அவளுடைய வலது காது போயிற்று. காது நரம்பில் கட்டி. இந்த வருடம் இடது காதும் கிளம்பத் தயாராக இருந்தது. டாக்டர் நேராகவே சொன்னார். “இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு காதும் கேக்காது. கேக்கணும்னு நினைக்கிறதையெல்லாம் அதுக்குள்ள கேட்டுடுங்க. வயலினைத் தாடையில வைக்கிறது மட்டும் ஒண்ணாம் தேதியோட நிறுத்திடுங்க. அந்த அழுத்தம் ஆகாது. ஆபரேஷன் முடிஞ்சு தாராளமா வாசிக்கலாம்.”

கேட்காத காதோடு தாராளமாக வாசிக்கலாம் என்று அவர் அன்பாகத்தான் சொன்னார்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. “நான் வாசிச்சதை நான் கேட்டதே இல்லைங்க. வாசிக்கும்போது கையும் வில்லும்தான் தெரியும். ஒரே ஒரு தடவை, சும்மா உக்காந்து, வேற யாரோ வாசிக்கிற மாதிரி கேக்கணும்.”

ஒன்றாம் தேதி லிஃப்ட் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அங்கே அவள் ‘மூன்றரை மாடி’ வாசித்தாள். லிஃப்ட்காரர் போனில் படம் பிடித்தார். போன் முழுக்க லிஃப்ட் வரைபடங்கள் அடைத்துக்கொண்டு கிடந்ததால், பஸ்ஸில் வரும்போதே வீடியோவை இணையத்தில் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டார். “பத்திரமா மேல ஏத்திட்டேன்” என்றார். தொழில் பேச்சு. மேலே ஏற்றியது பத்திரமாக இருக்கும் என்பது லிஃப்ட்காரர்களின் நம்பிக்கை.

வீட்டுக்கு வந்து, அவள் முகம் கழுவி, இடது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது வீடியோ இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம் இருந்தது. உள்ளே மூன்று வரி. ‘இந்தக் காணொளியில் ஒலிப்பது யாருக்கோ சொந்தமானது. யாருக்கு என்பது பரிசீலனையில் உள்ளது. அதுவரை இது மன்றத்தின் காவலில் இருக்கும்.’

மன்றம் என்பது நிகழ்த்துகை ஒலி உரிமைக் காப்பு மன்றம். இணையத்தில் யார் எதை வாசித்துப் போட்டாலும், பாடிப் போட்டாலும், யாருடைய சொத்தும் திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள ஏற்படுத்தியது. தவறே சொல்ல முடியாத நோக்கம். மூன்றாம் தேதி லிஃப்ட்காரர் லீவு போட்டுவிட்டு அங்கே போனார். ஆறு மாடிக் கட்டடம். லிஃப்டில் ‘இயங்காது’ என்று அட்டை தொங்கியது. தொழில்காரர் கண் சும்மா இருக்குமா? கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். லிஃப்டுக்கு ஒரு குறையும் இல்லை. விசாரித்ததில், அதன் மணி அனுமதி இல்லாமல் ஒலிப்பதாகப் புகார் வந்து, ஆறு வருடமாக நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

படியேறிப் போனால் கவுண்டரில் ஒரு அம்மா நாற்பத்தாறு பக்க விண்ணப்பத்தை நீட்டினார். லிஃப்ட்காரர் அதை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். படிக்க ஆரம்பித்தார். பத்து மணிக்கு ஆரம்பித்தது, மதியம் ஒன்றரை ஆகியும் தலை நிமிரவில்லை. கவுண்டர் அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது.

“சார், உடம்புக்கு ஏதும் முடியலையா?”

“இல்லைம்மா. படிக்கிறேன்.”

“எதை?”

“இதைத்தான். நீங்க குடுத்ததை.”

அந்த அம்மா எழுந்து உள்ளே போய் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மூன்று பேரும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் போட்டோகூட எடுத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு நாற்பத்தாறாவது பக்கம் முடிந்தது. பக்கத்தின் அடியில் ஒரு கோடு. அதன் பக்கத்தில் ‘வாசித்தவர்’ என்று மட்டும் போட்டிருந்தது. லிஃப்ட்காரர் யோசிக்கவே இல்லை. காலையிலிருந்து வாசித்தவர் அவர்தானே? கண்ணீர் வரும் அளவுக்கு வாசித்திருந்தார். பேனாவை எடுத்து அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். அந்த இடத்தில் கையெழுத்துப் போட அவ்வளவு தகுதியுள்ள மனிதர் அந்த மன்றத்துக்குள் வந்ததில்லை.

எட்டாம் தேதி பதில் வந்தது. காணொளியில் அடுத்தவர் சொத்து மூன்று கண்டுபிடிக்கப்பட்டதாம். ஒன்று, மெட்டின் கடைசியில் வரும் டிங் டாங். அது ஒரு லிஃப்ட் கம்பெனிக்குச் சொந்தம். இரண்டு, கூடத்தின் எதிரொலி. அது கூடத்தின் சொந்தக்காரருக்கு உரியது. மூன்று, ஒன்றாவது நிமிடம் ஐம்பதாவது வினாடியில் ஒரு இருமல். இருமியவரின் மறுப்பின்மைச் சான்று வேண்டும்.

முதல் இரண்டும் சுலபமாக முடிந்தன. லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் அவருக்குப் பழக்கம். டிங் தங்களுடையதுதான், டாங் வேறு கம்பெனியிலிருந்து வாங்கியது என்று விளக்கி இரண்டு கடிதம் ஏற்பாடு செய்து தந்தார்கள். எதிரொலிக்கு சங்கத் தலைவர் எழுதிக் கொடுத்தார். இருமியது மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பெயின்ட் அடிக்கிற வேலை. மனிதருக்கு இருமல் என்பது மூச்சு மாதிரி, நிற்கவே நிற்காது. பதினான்காம் தேதி அவரை மன்றத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே செவியர் என்று ஒரு அதிகாரி. சேகரித்து வைத்த ஒலிகளைக் கேட்க மன்றத்தில் அனுமதி உள்ள ஒரே ஆள். காதில் பெரிய ஹெட்போன், மெலிந்த உடம்பு, யாரையும் நோகடிக்காத குரல்.

“இருமுங்க சார். ஒப்பிட்டுப் பார்க்கணும்.”

மச்சான் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார், வெயிலில் நின்றுவிட்டு வந்தார். நாற்பது வருடத்தில் முதல் முறையாக மச்சானின் நெஞ்சு சுத்தமாக இருந்தது. “மாப்பிள்ளை, நான் வேணும்னு பண்ணலை, சத்தியமா வரமாட்டேங்குது” என்று அழாத குறையாகச் சொன்னார். நான்கு மணிக்கு, ‘சான்று நிராகரிக்கப்பட்டது’ என்று செவியர் முத்திரை குத்தியதும் பொங்கிக்கொண்டு வந்தது பாருங்கள், இருமல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செவியர் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“இது வேற இருமல் சார். அது உணர்ச்சிவசப்பட்டு வந்தது. இது கோபத்துல வந்தது.”

கடைசியில் ‘ஒத்த இருமல்’ என்று ஒரு தற்காலிகச் சான்று கொடுத்து அனுப்பினார்கள்.

பத்தொன்பதாம் தேதி லிஃப்ட்காரர் துணைக் கட்டுப்பாட்டாளரைப் பார்த்தார். அவர் அறை முழுக்கக் கேடயங்கள். சுவரில் மெத்தைத் துணி தைத்திருந்ததால் பேச்சு அங்கேயே விழுந்து செத்தது. லிஃப்ட்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, எல்லாம் கொடுத்தாயிற்று, காணொளியைத் திருப்பித் தாருங்கள் என்றார்.

“உக்காருங்க” என்றார் துணைக் கட்டுப்பாட்டாளர். “எல்லாரும் எங்களை இசைக்கு எதிரின்னு நினைக்கிறாங்க. மனசு வலிக்குது சார். இசைக்கு ஒரே எதிரி அதைக் கேக்கிறவங்கதான். நாங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல யாரு வேணும்னாலும், எதை வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. சொல்லவே கூசுது. போன வருஷம் மட்டும் பன்னிரண்டாயிரம் பாட்டைக் காப்பாத்தியிருக்கோம். அதுல ஒண்ணைக்கூட ஒருத்தர்கூடக் கேக்கலை. அதோ, அந்தக் கேடயம் அதுக்குத்தான்.”

“பாட்டைக் கட்டினவங்களுக்கு அதுல சந்தோஷமாங்க?”

“கட்டினவங்களா?” அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். “அவங்க வந்தா நாங்க உள்ள விடறது இல்லையே. உரிமை யாருக்குன்னு முடிவாகாத நேரத்துல ஒரு தரப்பை மட்டும் பார்க்கிறது நியாயம் இல்லை பாருங்க. எனக்குப் பாட்டுன்னாலே பிடிக்காது. அதனாலதான் இந்த நாற்காலியில நடுநிலையா உக்கார முடியுது.”

லிஃப்ட்காரர் மனைவியின் காது விஷயத்தைச் சொன்னார். இருபத்தெட்டாம் தேதிக்கு மேல் அவளுக்குக் கேட்காது, அதற்குள் ஒரே ஒரு தடவை போதும் என்றார். துணைக் கட்டுப்பாட்டாளர் முகம் மலர்ந்தது.

“இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? இருபத்தொன்பதாம் தேதி தாராளமா வாங்கிக்கலாமே! காது கேக்காதவங்களுக்குக் குடுக்கிறதுல மன்றத்துக்கு எந்தக் காலத்துலயும் ஆட்சேபணை இருந்தது கிடையாது.”

பிறகு கோப்பைப் புரட்டினார். “ஆமா, நீங்க வாசிச்சதை நீங்களே வீட்டுல வாசிச்சுக் காட்டிடலாமே சார். எதுக்கு இவ்வளவு அலையறீங்க?”

“நான் எங்கே வாசிச்சேன்? வாசிச்சது என் மனைவி.”

“வாசித்தவர்ங்கிற இடத்துல உங்க கையெழுத்து இருக்கே.”

லிஃப்ட்காரருக்கு உள்ளே ஏதோ கயிறு அறுந்தது. “சார், நான் வாசிச்சது விண்ணப்பத்தை!”

துணைக் கட்டுப்பாட்டாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். “விண்ணப்பத்தை யாராவது வாசிப்பாங்களா? எழுதின நானே வாசிச்சதில்லை. கோட்டுல கையெழுத்து, அவ்வளவுதான். வயலினை நீங்கதான் வாசிச்சீங்கன்னு பதிவாகி, பதிவேட்டுக்கும் போயிடுச்சு.”

“வீடியோவைப் பாருங்க சார். அதுல அவதான் நிக்கிறா!”

“நாங்க பார்க்க மாட்டோம். இது ஒலி மன்றம். பார்க்கிறதுக்கு வேற மன்றம் இருக்கு, எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இங்க பாருங்க, உங்க நல்லதுக்குச் சொல்றேன். உங்க மனைவி வந்து நான்தான் வாசிச்சேன்னு சொன்னா, அடுத்தவர் வாசிப்பைத் தன்னோடதுன்னு சொன்ன குற்றம் ஆயிடும். முப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்குன்னு நினைக்கிறேன்.”

இருந்தது. லிஃப்ட்காரருக்கு வரி வரியாக ஞாபகம் இருந்தது. பதிவான மெட்டைப் பதிவானவர் தவிர வேறு யாராவது வாசித்தால், வாசித்த கருவி பறிமுதல். மெட்டை மாற்றி வாசித்தால் நிரந்தரப் பறிமுதல். அந்த நாட்டில் அந்தப் பக்கத்தைப் படித்த ஒரே மனிதர் அவர்தான், அது அவர் மேலேயே வந்து விழுந்தது.

வீட்டில் கையெழுத்துக் கூத்தைச் சொன்னபோது மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். இடது காதுப் பக்கம் குனிந்து இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, அப்படியும் சிரித்தாள். “அப்போ நான் யாரு? நீங்க வாசிச்சதைக் கேட்டவளா?” சிரிப்பு எங்கே அழுகையானது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. வயலின்தான் இப்போது பெட்டிக்குள் இருக்கிறதே, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இருபத்தாறாம் தேதி தேர்வு வைத்தார்கள். பதிவானவர் வாசித்துக் காட்ட வேண்டும். லிஃப்ட்காரர் மனைவியின் வயலினை எடுத்துப்போய், துணைக் கட்டுப்பாட்டாளரும் செவியரும் முன்னால் உட்கார்ந்திருக்க, வில்லை வைத்து இழுத்தார். எண்ணெய் போடாத கப்பி சுற்றுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. வேறு வழியில்லாமல் நான்கு நிமிடம் பதினொரு வினாடியும் அதையே இழுத்தார்.

“பொருந்துதா?” என்றார் துணைக் கட்டுப்பாட்டாளர்.

செவியர் ஹெட்போனைக் கழற்றினார். “ஒலி பொருந்தலை. கையெழுத்து பொருந்துது.”

“அப்புறமென்ன? தேறிட்டீங்க. மூணு மாசத்துல அனுமதிக் கடிதம் வீட்டுக்கே வரும்.”

வெளியே படியில் இறங்கும்போது செவியர் பின்னாலேயே வந்தார். “அருமையான மெட்டு சார். வேலைக்காகப் பதினெட்டுத் தடவை கேட்டேன். மனசுலயே நிக்குது” என்று இரண்டு வரியை முணுமுணுத்தும் காட்டினார். லிஃப்ட்காரருக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போலவும் இருந்தது, இன்னொரு தடவை முணுமுணுக்கச் சொல்லலாம் போலவும் இருந்தது. “வீணாக் கிடக்கக் கூடாதுன்னு நேத்து முதல் எங்க போன்ல வெச்சிருக்கோம். கூப்பிட்டு, வரிசையில காத்திருக்கிறவங்களுக்கு இதுதான் போகுது” என்றார் செவியர்.

மறுநாள் இருபத்தேழு. காலையில் லிஃப்ட்காரர் மனைவியை ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார வைத்தார். விசிறியை நிறுத்தினார். மன்றத்தின் எண்ணை அழுத்தினார். ‘நீங்கள் வரிசையில் நாற்பத்தொன்றாவது’ என்றது ஒரு பெண் குரல். வாழ்க்கையில் ஒரு வரிசை அவ்வளவு நீளமாக இருப்பதற்காக அவர் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். நாற்பத்தொன்று என்றால் குறைந்தது ஒரு மணி நேரம். போனை அவள் இடது காதில் வைத்து அழுத்தினார்.

‘மூன்றரை மாடி’ ஆரம்பித்தது. அவள் கண்ணை மூடினாள். எட்டு வினாடி. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது.’ மறுபடி எட்டு வினாடி. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது.’ அந்தக் குரலுக்குக் கீழே மெட்டு ஓடிக்கொண்டே இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுவதுபோல. அவள் கையைத் தூக்கி, அந்தப் பெண்ணைக் கொஞ்சம் நகரச் சொல்வதுபோல் காற்றில் தள்ளினாள். ஆனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. உதடு அசைந்தது. “ரெண்டாவது பகுதியில அவசரப்பட்டிருக்கேங்க” என்றாள். “அய்யோ, எவ்வளவு அவசரம்! இது நான்தானா?” பரவாயில்லை, இன்னும் பத்து தடவை சுற்றும், துண்டு துண்டாகக் கேட்டாலும் கூட்டிப் பார்த்தால் முழுசாகிவிடும் என்று லிஃப்ட்காரர் கணக்குப் போட்டார்.

“வணக்கம், சொல்லுங்க!” என்றது போன்.

மன்றம் தொடங்கி ஆறு வருடத்தில் இரண்டு நிமிடத்துக்குள் போனை எடுத்தது அதுதான் முதல் தடவை. அன்று விரைவு சேவை தினமாம். எல்லாக் கவுண்டரிலும் ஆள் போட்டிருந்தார்களாம்.

லிஃப்ட்காரர் போனைப் பிடுங்கினார். “அம்மா, ஒண்ணும் வேணாம்மா. திரும்பக் காத்திருக்கப் போடுங்க. நான் காத்திருக்கேன்.”

“எதுக்கு சார் காத்திருக்கணும்? சேவைக்கு நாங்க தயாரா இருக்கோமே!”

“எனக்குச் சேவை வேணாம்மா. வரிசைதான் வேணும். கடைசியில போடுங்க, நாற்பத்தொண்ணாவதா போடுங்க, கால்ல விழறேன்.”

“வரிசையே இல்லை சார் இன்னைக்கு” என்றார் அந்த அம்மா பெருமையாக. “சேவையை மறுத்ததா எழுதிக்கிறேன்.” வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோது, இந்த எண்ணுக்கு இன்றைய சேவை முடிந்தது என்றது குரல். மச்சானின் போனிலிருந்து கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் போன், எதிர் மாடிப் போன், கண்ணாடிக்கடைப் போன். ஊரில் யார் கூப்பிட்டாலும் அன்று முதல் மணியிலேயே எடுத்தார்கள். மாலையில் அவள்தான், “போதும் விடுங்க, கேட்டதே போதும்” என்றாள். போதவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் ஆபரேஷன் நன்றாக நடந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் புழங்கின. சொல்ல வேண்டியதை லிஃப்ட்காரர் எழுதுவார், அவள் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வாள், சில சமயம் தேவைக்கு மேல் சத்தமாக. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, மச்சான் வர்றார், எல்லாம் எழுதினார். முப்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் எழுதவில்லை. இரண்டாவது மாதம் அவள் வயலினை எடுத்தாள். தாடையை மரத்தில் அழுத்தி, எலும்பு வழியாக வரும் அதிர்வைப் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். இதை எப்படி நிறுத்தச் சொல்வது? பென்சிலை எடுத்தார், கீழே வைத்தார். நான்கு தடவை அப்படிச் செய்தார்.

மூன்றாவது மாதம் ஒரு காலை, செவியர் வீட்டுக்கே வந்தார். மூன்று மாடி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. முதல் காகிதம் அனுமதிக் கடிதம். ‘வாசித்தவரான தங்களுக்கு வாழ்த்துகள். காணொளி முழு ஒலியுடன் திருப்பி வழங்கப்படுகிறது.’ மனைவி எட்டிப் பார்த்துப் படித்தாள். கை தட்டினாள். போராடி வாங்கிவிட்டாரே மனுஷன் என்று பெருமையில் கணவர் தோளைத் தட்டினாள். பிறகு, அவர் பென்சிலைத் தேடுவதற்குள், நன்றி சொல்ல தனக்குத் தெரிந்த வழியில் வயலினை எடுத்துத் தாடையில் வைத்துவிட்டாள்.

“வேணாம்!” என்றார் லிஃப்ட்காரர். அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தாள்.

முழு மெட்டையும் வாசித்தாள். செவியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெறும் காதால் கேட்டார். கடைசி டிங் டாங் முடிந்ததும் அவர் கண் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தோடேயே கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

“நாலு நிமிஷம் பதினாறு வினாடி. அஞ்சு வினாடி கூடுது சார். இரண்டாவது பகுதியை மாத்திட்டாங்க.”

அந்த ஐந்து வினாடி எங்கிருந்து வந்தது என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். போனில் கேட்ட அவசரத்தை அவள் இத்தனை நாளாக, காது இல்லாமல், எலும்பால் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

“சரியா வந்துச்சா?” என்றாள் அவள், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து. “இப்போ அவசரம் இல்லைல்ல?”

இல்லை என்று இருவரும் தலையாட்டினார்கள்.

செவியர் குரலைத் தாழ்த்தினார். அந்த அறையில் அதற்குத் தேவையில்லை, பழக்கம். “இங்கேருந்து தினமும் இந்த மெட்டு கேக்குதுன்னு கீழ்வீட்டுக்காரங்க புகார் குடுத்திருக்காங்க. வாசிச்சது நீங்கன்னா உங்க மெட்டு, நீங்க எப்படி வேணும்னாலும் வாசிக்கலாம், புகார் செல்லாது. உங்க மனைவின்னா நான் வயலினை எடுத்துக்கிட்டுப் போகணும், அஞ்சு வினாடி மாத்தினதால அது திரும்பவும் வராது. நானும் மனுஷன்தான் சார். இந்தத் தாள்ல வாசித்தவர்ங்கிற இடத்தை வெறுமனே விட்டிருக்கேன். சட்டுனு ஒரு கையெழுத்தைப் போடுங்க, நான் போயிடறேன்.”

பேனாவைத் திறந்து மேஜை மேல் வைத்தார். லிஃப்ட்காரருக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. காகிதத்தை இழுத்தார். ஒரு பொய், ஒரே ஒரு கோடு, அதோடு முடிந்தது. ஆனால் இருபத்தெட்டு வருடக் கை. காகிதம் கைக்கு வந்ததும் மூளை தன் பாட்டுக்கு மேலே முதல் வரிக்குப் போய்விட்டது. எழுத்து பொடியாக இருந்தது.

“ஒரு நிமிஷம் சார். கண்ணாடி எடுத்துட்டு வந்து படிச்சுட்டுப் போட்டுடறேன்” என்று உள்ளே போனார்.

கண்ணாடி அலமாரியில் இல்லை, சட்டைப் பையில் இருந்தது. மாட்டிக்கொண்டு திரும்பும்போது அறை வாசலிலிருந்தே பார்த்தார். அவள் காகிதத்தின் மேல் குனிந்திருந்தாள். அடியில் ‘வாசித்தவர்’ என்ற சொல்லையும் பக்கத்தில் காலிக் கோட்டையும் பார்த்துவிட்டிருந்தாள். பழைய கூத்து ஞாபகம் வந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தடவையாவது சரியான ஆள் போடட்டும்” என்று பேனாவை எடுத்தாள்.

“போடாதே!” என்று கத்தினார். மாடிப்படி வரைக்கும் கேட்கும் கத்தல். செவியர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் திரும்பவில்லை. நிதானமாக, அழகாக, கடைசி எழுத்தின் சுழி வரை போட்டு முடித்தாள்.

மன்றத்தின் கோப்புகளிலேயே உண்மையான ஆள் கையெழுத்திட்ட முதல் காகிதம் அது. செவியர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “போட்டுட்டாங்களே சார்” என்றார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தார். வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடி, மூடியின் மேல் சீல் ஒட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டிருந்தது. வாசலைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். நோட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“எதுக்கு எடுத்துட்டுப் போறார்? எழுதுங்க.”

லிஃப்ட்காரர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். படிக்கட்டில் செவியர் இறங்கிக்கொண்டிருந்தார். தன்னையறியாமல் ‘மூன்றரை மாடி’யை முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டாவது பகுதியில் கொஞ்சமும் அவசரப்படாமல், அவள் இன்று வாசித்தபடியே, மாடி மாடியாக அந்த மெட்டு கீழே போவதை வீட்டில் ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.